கீமோவுக்குப் பிறகு காய்ச்சலா? ரத்த ரிப்போர்ட்டில் நர்ஸ் முதலில் பார்ப்பது இதைத்தான்!

ரத்த ரிப்போர்ட்டில் டபிள்யூ.பி.சி என்று இருப்பது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 4,000 முதல் 11,000 வரை நார்மல். கூடினால் பெரும்பாலும் எங்கோ தொற்று. ஸ்டீராய்டு மருந்தாலும் கூடும்.

ஆனால் கீமோ வார்டில் நர்ஸ்கள் பயப்படுவது இது குறையும்போதுதான். அதிலும் நியூட்ரோஃபில் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். கீமோ ஏற்றி 7 முதல் 14 நாட்களில் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகும். 500-க்குக் கீழே போனால் ஆபத்து. சீழ் பிடிக்கக்கூட வெள்ளை அணுக்கள் வேண்டுமே! அதனால் தொற்று வந்தாலும் பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் தெரியும்.

100.4 டிகிரியைத் தொட்டால், 'காலையில பார்த்துக்கலாம்' என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். உடனே மருத்துவமனைக்குப் போய், கீமோ எடுத்ததை முதலிலேயே சொல்லணும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறணும்.