பின்னிக் கிடந்த தோட்டம்
கனடாவில், இன்று வீடுகளும் கடைகளுமாய் நெருங்கிவிட்ட தோர்ன்ஹில்லில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தையே ஜே. இ. எச். மக்டொனால்ட் என்னும் சித்திரக்காரர் விஷயமாகக் கொண்டு 1916-இல் தீட்டிய 'பின்னிக் கிடக்கும் தோட்டம்' என்ற படம், ரொறன்ரோ ரசிகர்களுக்குக் கோபமூட்டியது. மரநாரை அழுத்திச் செய்த, ஐந்தடி அகலமுள்ள பலகையொன்றில், தலை கவிழ்ந்த சூரியகாந்திகளும் அவற்றின் காலடியில் முண்டியடிக்கும் செடிகளும் தடித்த வர்ணத்தில் எழுந்து நிற்பதைக் கண்ட விமர்சகர் ஹெக்டர் சார்ல்ஸ்வர்த் அதைக் கடுமையாகச் சாடினார். புரட்டாசி மாதத்துத் தோட்டத்தை அவர் கிட்டே நின்று பார்த்ததில்லை போலும்!

1918-இல் மக்டொனால்ட் நண்பர்களுடன் அல்கோமா வனத்துக்குப் பிரயாணமானபோது, கணப்பு வைத்த சரக்கு ரயில் பெட்டியொன்றே அவர்களுக்கு வாசஸ்தலமாயிற்று. ரயில்காரர்கள் அதைக் கிளைப் பாதைகளில் கழற்றிவிட்டுப் போக, இவர்கள் சிறு பலகைகளுடன் காட்டுக்குள் புகுவார்கள். 1920-இல் 'எழுவர் குழு' என்னும் ஓவியர் கூட்டம் இவர்களிடையே உருவாயிற்று. 1924 முதல் 1930 வரை ஆண்டுதோறும் மக்டொனால்டை ராக்கி மலையின் ஓஹாரா ஏரி இழுத்தது.

இந்தப் பயணங்களில் அவர் தீட்டிய சிறு பலகைகளை விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி நின்று நோக்கினால், தூரிகை உழுத சால்களும், அவற்றின் நடுவே வர்ணம் படாமல் விடப்பட்டு மண்ணாகவே பாவனை செய்யும் பலகையின் பழுப்பும் தெரியும்.