மாற்றுப் பொருளும் பழுதானால்: இந்தியச் சட்டம் கடந்து வந்த வழி

பழுதான பொருளுக்கு மாற்றாகத் தரப்பட்டதும் பழுதாயின், விலையைத் திரும்பப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டா? இந்தியச் சட்டம் இவ்வினாவுக்குப் படிப்படியாகவே விடை கண்டது.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துள் அடங்கியிருந்த விற்பனை விதிகள், 1930இல் தனிச் சட்டமாயின. 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமே அதற்கு முன்மாதிரி. தரத்தை ஆராய்வது வாங்குபவரின் பொறுப்பு என்பதே பொது விதி, விதிவிலக்குகள் சிலவே. பொருளை ஏற்றுக்கொண்டபின் பெரும்பாலும் இழப்பீடு கோரும் உரிமையே எஞ்சியது. அதற்கும் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாவட்ட அளவில் தனி மன்றங்களுக்கு வழிவகுத்தது. குறையை நீக்கவும், மாற்றுப் பொருள் தரவும், விலையைத் திருப்பவும் அவை ஆணையிடலாம். மாற்றுப் பொருள் எக்குறையும் அற்றதாக இருத்தல் வேண்டும் என 14ஆம் பிரிவு தெளிவாகவே கூறியது. ஆகவே, பழுதான மாற்றுப் பொருளைத் தருவது அவ்வாணையை நிறைவேற்றியதாகாது.

2019ஆம் ஆண்டின் சட்டம் ஒரு படி முன்னேறியது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, ரசீதில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிக்காவிடில் 30 நாள்களுக்குள், பணத்தைத் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என அது வரையறுத்தது.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருமுறை பழுதுநீக்கியோ மாற்றித் தந்தோ குறை தீராவிடில், பொருளை நிராகரிக்கும் உரிமை வாங்கியவருக்கே உரியது. நம் சட்டத்தில் அத்தகைய எண்ணிக்கை வரம்பு இல்லை. வழக்கு ஆணையத்தை அடைந்தபின், எப்பரிகாரம் என்பதை ஆணையமே தீர்மானிக்கிறது. மூன்றாவது பொருளையும் ஏற்பதா, பணத்தைக் கேட்பதா என்னும் தெரிவை வாங்கியவரிடமே ஒப்படைப்பதுதான் அடுத்த திருத்தத்தின் பணி.