மின்சாரம் இழந்த மண்ணில் சூரியக் கல ஆய்வு

சூரிய ஒளியை நேரே மின்சாரமாக்கும் சிலிக்கன் கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் 1954இல் வெளியிட்டபோது, அதன் வினைத்திறன், அதாவது விழும் ஒளிச்சக்தியில் மின்சாரமாகும் பங்கு, ஏறத்தாழ 6 சதவீதமாக இருந்தது. 1414 பாகை செல்சியசில் உருகும் சிலிக்கனை மாசு நீக்கிப் பளிங்காக வளர்க்கப் பெருமுதல் வேண்டியிருந்தமையால், அவ்வாய்வு நெடுங்காலம் செல்வந்த நாடுகளுக்கே எட்டியது. 1991இல் சுவிற்சர்லாந்தில் ஓ'ரீகனும் கிரெட்செலும் செய்த சாயமூட்டிய கலம் இந்நிலையை மாற்றிற்று. சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்துகள்களைக் கண்ணாடியில் பசையாகப் பூசிச் சுட்டு, ஒளியை உறிஞ்சும் சாயத்தை அதில் ஏற்றினால், சாயம் விடுக்கும் இலத்திரன்களை அத்துகள்கள் கடத்திச் செல்லும். சிறிய உலையொன்று உள்ள ஆய்வுகூடத்திலும் இது இயலும்.

இக்கலத்தில் சாயம் இழந்த இலத்திரனை மீட்டளிக்கும் திரவப் பகுதி கசிந்து கெடுவதால், அதற்குப் பதிலாகத் திண்மச் செப்பு அயடைட்டை இட்ட கலத்தை இலங்கையின் கண்டி, ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தின் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் 1995இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. 1990 முதல் தேசிய மின்சாரம் அற்று, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டினால் யாம் போத்தலில் பஞ்சுத்திரி இட்ட விளக்கொளியில் பிள்ளைகள் படித்துவந்த அம்மண்ணில், போரினால் ஒக்டோபர் 30இல் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. 1974இல் தொடங்கப்பட்டு அங்குள்ள திருநெல்வேலியில் இயங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அதனுள் அடங்கியது. அங்கே ஆய்வு பிந்தியதற்கு அறிவுக் குறை காரணமன்று. அளவுகருவியை இயக்க மின்சாரமே இருக்கவில்லை.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிகவியலாளர் ஜெனி நெல்சனுடன், மின்கடத்தும் பல்பகுதியத்தையும் (நீள்சங்கிலி மூலக்கூறுப் பொருளையும்) உலோக ஒட்சைட்டையும் சேர்த்த கலப்புக் கலங்களை ஆராய்ந்த புண்ணியமூர்த்தி ரவிராஜன், அத்துறையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற்றுறையில் வளர்த்தார்; பின்னர் நோர்வேயின் பேர்கனில் உள்ள பல்கலைக்கழகத்தோடும் கூட்டு அமைந்தது. மலிவான பொருளைத் தெரிவுசெய்தது, வசதியற்ற ஆய்வுகூடத்துக்கு ஏற்ற மிகச் சரியான முடிவென்றே கொள்ளவேண்டும். பெரொவ்ஸ்கைற்று என்னும் பளிங்குப் பொருளாலான, 2009இல் யப்பானில் 3.8 சதவீத வினைத்திறனுடன் தொடங்கிய மற்றொரு கலம் இன்று 26 சதவீதத்தைத் தாண்டியபோதும், ஈயம் கலந்தமையும் ஈரத்தில் சிதைவதும் அதன் குறைகளாகும். கடற்காற்று ஓயாத குடாநாட்டுக்கு இரண்டாவது குறை பெரிதாகும்.

சாயமூட்டிய கலத்துக்கு வேண்டிய தைத்தேனியம் செறிந்த இல்மனைற்று மணலோ இலங்கையின் வடகிழக்குக் கரையிலுள்ள புல்மோட்டையில் அலைகளால் குவிந்து கிடக்கின்றது. அதன் பெரும்பகுதி இன்னும் மணலாகவே கப்பலேறுகின்றது.