ஏற்றியதெல்லாம் விற்றதல்ல

தென்மாவட்டங்களில் சோப்பு, பேஸ்ட், ஷாம்பு பாக்கெட் என்று லைன் பார்த்தே தலை நரைத்தவன் நான். எங்கள் தொழிலில் இரண்டு கணக்கு. கம்பெனி குடோனிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குச் சரக்கு போனால் பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட் அதைக் கடைகளுக்குப் போட்டால் செகண்டரி. கடையிலிருந்து ஒரு சோப்பு வீட்டுக்குப் போனதா என்பது எங்கள் அறிக்கை எதிலும் வராது. மேலிடம் கேட்பதும் பிரைமரியைத்தான். மார்ச் கடைசி வாரத்தில் டார்கெட் எட்டவில்லை என்றால் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். "அண்ணாச்சி, இந்த ஒரு தடவை ஐம்பது பெட்டி கூட இறக்கிக்கோங்க, ஏப்ரல்ல பார்த்துக்கிடலாம்." ஏப்ரலில் போய்ப் பார்த்தால் பெட்டிகள் அண்ணாச்சி குடோனிலேயே இருக்கும். கம்பெனிக் கணக்கிலோ அவை போன வருடமே விற்று, எனக்கு இன்சென்டிவ் வந்து, அது செலவும் ஆகியிருக்கும்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் அக்கா மகன்கள் இரண்டு பேரும் பஞ்சாயத்துக்கு வந்து நின்றார்கள். பெரியவன் சோனி கட்சி, சின்னவன் நின்டெண்டோ கட்சி. உலகத்திலேயே அதிகம் விற்ற கேம் பெட்டி எது என்பது வழக்கு. பிளேஸ்டேஷன் 2, பதினாறு கோடி என்றான் பெரியவன். ஸ்விட்ச் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது என்றான் சின்னவன். "மாமா, கையில வச்சு விளையாடுறதை டிவி பெட்டியோட சேர்க்கக் கூடாதுன்னு சொல்லுங்க." "ஏன், ஸ்விட்சை டிவியிலயும் மாட்டலாமே மாமா, அப்போ அதை எதுல சேர்ப்பானாம்?" நான் கேட்டது ஒன்றுதான்: இந்தக் கணக்கெல்லாம் பிரைமரியா, செகண்டரியா? இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பிறகு நானே தேடிப் படித்ததில் தெரிந்தது, உலகம் முழுக்கப் பையன்கள் நாற்பது வருடமாக அடித்துக்கொள்ளும் எண்கள் பெரும்பாலும் பிரைமரிதான். கம்பெனி வணிகருக்கு அனுப்பியது. சோனி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2007 வரை அது வெளியிட்டது உற்பத்தி ஏற்றுமதிக் கணக்கு, அதாவது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பெட்டிகளின் எண்ணிக்கை. அந்த வருடம்தான் விற்பனைக் கணக்குக்கு மாறியது. எங்கள் ஏரியா மேனேஜருக்கு இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் மனுஷன் பிரஷர் மாத்திரை போடாமல் இருந்திருப்பார்.

ஏற்றிவிட்டதையே விற்பனையாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொழிலின் முதல் பாடம் அமெரிக்காவின் அடாரி. 1982 டிசம்பர் வரை அந்தக் கம்பெனி தொட்டதெல்லாம் பொன். கடைக்காரர்கள் ஆர்டர் மேல் ஆர்டர் போட்டார்கள், கேசட்டுகள் லாரி லாரியாகப் போயின. அந்த மாதம் தாய் நிறுவனமான வார்னர், லாபம் எதிர்பார்த்த அளவு உயராது என்று சொன்னதும் பங்கு விலை சரிந்தது. கடைகளில் தேங்கிய சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ என்ற ஊரில் குப்பைக் கிடங்குக்குள் கேசட்டுகளைக் கொட்டிக் கான்கிரீட் ஊற்றி மூடினார்கள். வெறும் வதந்தி என்று பலர் சொல்லிக்கொண்டிருந்ததை 2014-ல் தோண்டிப் பார்த்து நிரூபித்தார்கள். புதைக்கும் வேலையை நடத்திய முன்னாள் மேலாளர் சொன்ன எண்ணிக்கை 7,28,000. அமெரிக்க வீடியோ கேம் வியாபாரம் 1983-ல் சுமார் 320 கோடி டாலராக இருந்தது, 1985-ல் 10 கோடிக்கு வந்துவிட்டது.

அந்த 1985-ல்தான் நின்டெண்டோ நியூயார்க்கில் கால் வைக்கிறது. ஜப்பானில் 1983 ஜூலையில் வந்து வெற்றி பெற்ற ஃபேமிகாம் பெட்டியை என்இஎஸ் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தார்கள். வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். கியோட்டோவில் இருந்த தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் மருமகன் மினோரு அரகாவாதான் அமெரிக்கக் கிளைக்குப் பொறுப்பு. அவர் சொன்ன நிபந்தனை எந்த சேல்ஸ்மேனையும் எழுந்து நிற்க வைக்கும்: பணம் இப்போது வேண்டாம், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம், ஷோகேஸ் அலங்காரத்தையும் எங்கள் ஆட்களே செய்து தருவார்கள். பெட்டியோடு ஒரு குட்டி ரோபோவையும் வைத்து, இது பொம்மைச் சாமான் என்று பேர் பண்ணினார்கள். வியாபாரம் சூடு பிடித்தபின் அதே கம்பெனி கடைக்காரர் கேட்டதைவிடக் குறைவாகவே சரக்கு கொடுத்துப் பசியோடு வைத்திருந்தது என்பது வேறு கதை. என்இஎஸ், ஃபேமிகாம் இரண்டும் சேர்த்து நின்டெண்டோ காட்டும் மொத்தம் 6 கோடியே 19 லட்சம். இந்த எண்ணுக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

கையில் வைத்து விளையாடும் பெட்டியில் சண்டையே ஒரு தலைப்பட்சம். 1989-ல் கன்பெய் யோகோய் குழுவின் கேம் பாய் வந்தது. சாம்பலும் பச்சையுமாக மங்கிய திரை, பின்னொளி கிடையாது. அடாரியின் லிங்க்ஸ், சேகாவின் கேம் கியர் இரண்டும் கலர், உள்ளே விளக்கும் உண்டு. ஆனால் கேம் கியர் ஆறு பென்டார்ச் பேட்டரியை நாலைந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் நாள்கணக்கில் ஓடும், விலையும் அமெரிக்காவில் 90 டாலர்தான். பேட்டரி வாங்கிக் கொடுப்பது அப்பா என்பதை யோகோய் மறக்கவில்லை. கேம் கியர் ஒரு கோடிச் சொச்சத்தில் நின்றது. கேம் பாய் 11 கோடியே 86 லட்சம். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: 1998-ல் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்துத்தான் அந்த எண். தனித்தனியாகப் பிரித்துக் காட்டு என்று இன்றுவரை கேட்கிறார்கள், நின்டெண்டோ காட்டுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, பாவமாகவும் இருந்தது, சேகாவின் கதை. 1995 மே 11, லாஸ் ஏஞ்சலிஸில் முதல் இ3 கண்காட்சி. சேகாவின் சாட்டர்ன் செப்டம்பர் 2-ம் தேதி வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மேடையேறிய அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி, விலை 399 டாலர், பெட்டி இன்றே கடையில் கிடைக்கிறது என்று அறிவித்தார். சோனியை முந்த வேண்டும் என்று டோக்கியோ மேலிடம் கொடுத்த நெருக்கடி. அவருக்கே அதில் மனசில்லை. கையில் இருந்தது சுமார் 30,000 பெட்டி. அதையும் நாலே நாலு கடைச் சங்கிலிகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். சரக்குக் கிடைக்காத மற்ற கடைக்காரர்கள் கொதித்தார்கள், கேபி டாய்ஸ் சேகாவின் சாமான்களையே ஓரங்கட்டியது. கொஞ்ச நேரத்தில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கம் கைதட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு டவுனில் நாலு கடைக்குச் சரக்கு போட்டு ஐந்தாவது கடையை விட்டால் அந்த ஐந்தாவது அண்ணாச்சி அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார். உங்கள் சோப்பைக் கேட்டு வருகிறவனிடம் எதிராளி சோப்பை எடுத்துக் கொடுப்பார். மேலிடத்துக்கு இது எந்த மீட்டிங்கிலும் புரிந்ததில்லை. சாட்டர்ன் கடைசியில் 92 லட்சம். பிளேஸ்டேஷன் 10 கோடியே 24 லட்சம், பத்துக் கோடியைத் தொட்ட முதல் வீட்டுப் பெட்டி. அடுத்து வந்த டிரீம்காஸ்ட் 91 லட்சத்தோடு முடிந்தது. 2001 ஜனவரியில், இனிப் பெட்டி செய்ய மாட்டோம் என்று சேகா அறிவித்துவிட்டது.

பெட்டியை ஏற்றிக் கணக்குக் காட்டும் கலையில் மைக்ரோசாஃப்டும் சளைத்ததில்லை. 2006 முடிவதற்குள் எக்ஸ்பாக்ஸ் 360 ஒரு கோடியைத் தொடும் என்று சொல்லியிருந்தார்கள். டிசம்பர் முடிவில் 1 கோடியே 4 லட்சம் என்று அறிவித்தார்கள். அடுத்த மூன்று மாதத்தில் அனுப்பியது வெறும் 5 லட்சம், அதற்கடுத்த மூன்று மாதத்தில் 7 லட்சம். ஏன் என்று நீங்கள் வெளியூர் நிபுணரைக் கேட்க வேண்டாம், எந்த ஸ்டாக்கிஸ்டைக் கேட்டாலும் சொல்வார். குடோன் நிறைந்தால் ஆர்டர் வராது. 2007 ஜூன் முடிவில் 1 கோடியே 20 லட்சம் என்று வைத்திருந்த டார்கெட்டில் 1 கோடியே 16 லட்சத்தோடு நின்றார்கள். அதே கோடையில் பெட்டிகள் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப் போவதை ஒப்புக்கொண்டு, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டினார்கள். செத்த பெட்டிக்குப் பதில் காசு கொடுத்துப் புதிதாக வாங்கியவன் கணக்கில் இரண்டு பேராக நிற்பான்.

தோற்கிறவர்கள் செய்வது இன்னொன்று, மௌனம். சோனியின் விட்டா கைப்பெட்டி 2011 கடைசியில் வந்து படுத்தபோது, அதன் எண்ணைப் பழைய பிஎஸ்பி எண்ணோடு சேர்த்தே அறிக்கையில் போட்டார்கள். தம்பி ஃபெயில் என்று சொல்லாமல், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து எண்பது மார்க் என்று சொல்வது போல. விட்டா மொத்தம் எவ்வளவு விற்றது என்று சோனி இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 8 கோடியே 40 லட்சம் என்று 2014-ல் சொன்ன மைக்ரோசாஃப்ட், 2015 அக்டோபரில் பெட்டி எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திவிட்டது. ஆக்டிவிஷன் கம்பெனியை வாங்கும் விவகாரத்தில் பிரேசில் நாட்டுப் போட்டி ஆணையத்திடம் 2022-ல் கொடுத்த ஆவணத்தில்தான், போன தலைமுறையில் சோனி தங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் விற்றதாக அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 2-ன் உற்பத்தி 2013 ஜனவரியில் நின்றது. பல வருடம் 15 கோடியே 50 லட்சம் என்றே நின்றிருந்த எண்ணை 16 கோடி என்று சோனி சொன்னதோ 2024-ல்.

நின்டெண்டோவை இந்த ஒரு விஷயத்தில் மெச்ச வேண்டும். 1 கோடியே 35 லட்சத்தோடு படுத்துப்போன வீ யு பெட்டியின் எண்ணையும் வெற்றிப் பெட்டிகளின் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். 2011-ல் 3டிஎஸ் கைப்பெட்டி விற்காமல் தேங்கியபோது ஜப்பானில் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000-க்கு இறக்கி, தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அது கடைசியில் 7 கோடியே 59 லட்சம் போனது. டார்கெட் தவறினால் மேலிடம் தன் சம்பளத்தை வெட்டிக்கொண்டதை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த 6 கோடியே 19 லட்சத்துக்கு வருவோம். நின்டெண்டோ அதைப் பிரித்துக் காட்டுகிறது: ஜப்பான் 1 கோடியே 93 லட்சம், அமெரிக்கக் கண்டங்கள் 3 கோடியே 40 லட்சம், மற்றவை 85 லட்சம். ஐரோப்பாவையும் சேர்த்து மிச்ச உலகம் மொத்தமும் அந்த 'மற்றவை'க்குள். நம்ம வீடுகளில் இருந்த டிவி கேம் இதில் இருக்கிறதா? இல்லை. நாம் விளையாடியது தைவான், சீனத் தொழிற்சாலைகளின் நகல் ஃபேமிகாம். ஜப்பானிய மூலப் பெட்டியில் கள்ளக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சில்லு கிடையாது, அமெரிக்க மாடலில்தான் அதை வைத்தார்கள். அதனால் அறுபது முனை கொண்ட ஜப்பானியக் கேசட்டைத்தான் உலகம் முழுக்க நகலெடுத்தார்கள். ரஷ்யாவில் அது 1992-லிருந்து 'டெண்டி' என்ற பெயரில் விற்றது, போலந்தில் 'பெகாசஸ்'. சீனாவில் கீபோர்டு மாட்டி, படிப்புக்கான கணினி என்று சொல்லிப் பெற்றோரிடம் விற்ற 'சியாவோபாவாங்'குக்கு விளம்பரம் செய்தவர் ஜாக்கி சான்.

சென்னையில் பர்மா பஜார், மற்ற ஊர்களில் வாட்ச், ரேடியோ கடைகள். கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும். மாட்டினால் மாரியோ, காண்ட்ரா, வாத்து சுடுவது என்று விரல்விட்டு எண்ணக்கூடியவையே திரும்பத் திரும்ப வரும். முறையாக வந்த பெட்டியும் ஒன்று உண்டு. மதுபானத்துக்குப் பேர் போன ஷா வாலஸ் குழுமம் 1995-ல் சேகாவின் மெகா டிரைவை இங்கே கொண்டுவந்தது. 80 சதவீத இறக்குமதி வரி இருந்த காலம், விலை ரூ.18,000. என்னைப் போன்றவர்களுக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள்.

மெகா டிரைவ் மொத்தம் எத்தனை விற்றது என்பதும் தீராத வழக்கு. சேகா கணக்கு 3 கோடியைச் சுற்றி இருக்கிறது. பிரேசிலில் டெக்டாய் என்ற கம்பெனி உரிமம் வாங்கி அங்கேயே செய்து விற்ற 30 லட்சத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அடித்துக்கொள்கிறார்கள். சேகாவின் அதற்கு முந்தைய மாஸ்டர் சிஸ்டத்தை அதே டெக்டாய் 80 லட்சம் வரை விற்றிருக்கிறது. ஜப்பானில் மதிப்பார் இல்லாத பெட்டி அது.

அக்கா மகன்கள் வழக்குக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் முடிய ஸ்விட்ச் 15 கோடியே 40 லட்சத்து 10 ஆயிரம், நின்டெண்டோவின் பழைய கைப்பெட்டி டிஎஸ் 15 கோடியே 40 லட்சத்து 20 ஆயிரம். நின்டெண்டோ பத்தாயிரம் பத்தாயிரமாகத்தான் கணக்குச் சொல்லும், அதில் ஒரே ஒரு படி குறைவு. அடுத்த காலாண்டில் தாண்டிவிட்டது. சோனி சொல்லும் 16 கோடியை ஸ்விட்ச் தாண்டும்வரை பெரியவன் பக்கம்தான் தீர்ப்பு. கைப்பெட்டியைச் சேர்க்கக் கூடாது என்ற அவன் வாதம் மட்டும் தள்ளுபடி: காசு கொடுத்து வாங்கியது பெட்டியை, அதை டிவியில் மாட்டினானா மடியில் வைத்தானா என்பது வாங்கியவன் பாடு.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிவி கேமை எந்த வருடம், எந்த ஊரில், எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஞாபகம் இருந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள், பழைய பில் இருந்தால் கிழிக்காதீர்கள். அந்தக் கணக்கு கியோட்டோவிலும் இல்லை, டோக்கியோவிலும் இல்லை.