பேயோடு ஒரு குடித்தனம்

சென்ற வாரம் பார்த்த ‘மஹல்’ (1949) படத்தில் ஆவி என்று நம்பவைத்தது கடைசியில் தோட்டக்காரரின் மகளாகப் போனது. அந்நாளைய இந்திப் பேய்ப்படங்களில் இது வழக்கமான கைகழுவல். 1962-ல் ‘பீஸ் சால் பாத்’, 1964-ல் ‘வோ கௌன் தீ’ (நம் ‘யார் நீ?’யின் மூலம்) இரண்டிலும் கடைசி ரீலில் பேய் மனிதராகிவிடும். அதே 1964-ல் மலையாளத்தில் ஒருவர் பேயைப் பேயாகவே விட்டுவைத்தார். படம் ‘பார்கவி நிலயம்’. இயக்கியவர் ஏ. வின்சென்ட்.

ஆம், ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படங்களை ஒளிப்பதிவு செய்த அதே வின்சென்ட்தான். மறுஜென்மக் கதையான ‘நெஞ்சம் மறப்பதில்லை’யும் (1963) அவர் கைவண்ணம். அடுத்த ஆண்டே இயக்குநரானவர், கேமராவை பி. பாஸ்கர் ராவிடம் கொடுத்துவிட்டார்.

‘நீலவெளிச்சம்’ என்ற தன் சிறுகதையை விரித்துத் திரைக்கதை எழுதியவர் வைக்கம் முகம்மது பஷீர். அந்தக் கதையில் விளக்குக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிறது. கடன் வாங்கப் போனவர் திரும்பி வந்து பார்த்தால், இருட்டாக விட்டுப்போன அறையில் நீல வெளிச்சம். கதையின் உயிரே ஒரு நிறம். படமோ கறுப்பு வெள்ளை!

வின்சென்ட் நம்பியது நிழலையும் மதுவின் பேச்சையும். எழுத்தாளராக வரும் மது ஒரு பாழ்வீட்டுக்கு வாடகைக்கு வருகிறார். கிணற்றில் விழுந்து செத்த பார்கவி அங்கே உலவுவதாக ஊர் சொல்கிறது. அவர் மந்திரவாதியைத் தேடவில்லை, வீட்டைக் காலி செய்யவும் இல்லை. முன்பே குடியிருப்பவரிடம் புதிதாக வந்தவர் பேசுவதுபோல, கண்ணுக்குத் தெரியாதவளிடம் மரியாதையாகப் பேச ஆரம்பிக்கிறார். பிறகு அவள் கதையை எழுதுகிறார். அது தற்கொலை அல்ல, கொலை என்பது அப்போதுதான் துலங்குகிறது.

பேயை எப்படி விரட்டுவது என்று கேட்காமல், அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்ட படம் இது. பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் வெள்ளைச் சேலையையும் விரித்த கூந்தலையும்தான். பிரேம் நசீர் வரும் காதல் பிளாஷ்பேக் கொஞ்சம் நீளம்; பாபுராஜின் இசைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

பார்கவியாக நடித்த விஜய நிர்மலா பின்னாளில் 40-க்கும் மேற்பட்ட படங்களை இயக்கி கின்னஸில் இடம்பிடித்தார். சிறு வேடத்தில் வந்த பத்மதளாக்‌ஷனுக்குக் கிடைத்ததோ ஒரு பெயர். அந்தப் பாத்திரத்தின் பெயரான குதிரவட்டம் பப்பு என்றே கடைசிவரை அவரை அழைத்தார்கள்.

(தொடரும்)