வெள்ளைத் தலைப்பாகைக்குள் எவ்வளவு சீக்கியம்? யோகி பஜனின் குண்டலினி யோகா இயக்கம் பற்றிய ஒரு பார்வை

யூடியூப்பில் குண்டலினி யோகா என்று தேடினால் பெரும்பாலும் ஒரே மாதிரியான காட்சிதான் வரும். வெள்ளை உடையும் வெள்ளைத் தலைப்பாகையும் அணிந்த அமெரிக்கப் பெண் ஒருவர் ஆட்டுத்தோலின் மேல் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். குர்முகியில் ஒரு மந்திரத்தைப் பாடிவிட்டு, மூக்கால் வேகவேகமாக மூச்சை இழுத்து விடக் கற்றுக்கொடுப்பார். அவருடைய பெயர் 'கவுர் கால்சா' என்று முடியும். சீக்கியர் எவரையும் நேரில் பழகி அறியாத ஒருவர் இதைப் பார்த்து, சீக்கிய சமயம் என்பது இதுதான் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே நபர் அமிர்தசரஸிலோ, இலண்டன் சவுத்தோலிலோ உள்ள ஒரு குர்துவாராவுக்குள் நுழைந்தால் குழம்பிப்போவார். அங்கே குரு கிரந்த சாஹிப் வாசிக்கப்படும், கீர்த்தனை பாடப்படும், பின்னர் எல்லோரும் தரையில் வரிசையாக அமர்ந்து லங்கர் சாப்பிடுவார்கள். ஆசனமும் இல்லை, சக்கரமும் இல்லை, குண்டலினியும் இல்லை. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலான தூரத்தைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஹர்பஜன் சிங் பூரி 1929இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலா மாவட்டத்தில் பிறந்தார். 1947 பிரிவினையில் ஊரை இழந்து டில்லிக்கு இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானவர்களில் அவரது குடும்பமும் ஒன்று. பின்னர் டில்லி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றினார். 1968இல் கனடாவுக்குச் சென்று, அங்கிருந்து சில மாதங்களிலேயே லொஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். வியட்நாம் போரை எதிர்த்து வீட்டை விட்டு வெளியேறிய, போதைப்பொருளிலும் கீழைத்தேய ஆன்மிகத்திலும் மாறி மாறி எதையோ தேடிக்கொண்டிருந்த இளைஞர்களால் அந்த நகரம் நிறைந்திருந்த காலம் அது. 1969இல் 3எச்ஓ என்ற அமைப்பைத் தொடங்கினார். 'ஆரோக்கியமான, மகிழ்ச்சியான, புனிதமான அமைப்பு' என்பது அந்தப் பெயரின் பொருள். அன்று முதல் உலகம் அவரை யோகி பஜன் என்று அறிந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு சீக்கியத்தைக் கொண்டுவந்தவர் அவரல்ல. பஞ்சாபி விவசாயிகளும் மரஆலைத் தொழிலாளர்களும் அவருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் 1912இலேயே குர்துவாரா இருந்தது. ஆனால் வயலில் வேலை செய்த அந்த மனிதர்களைத் தொலைக்காட்சி தேடிப் போகவில்லை. வெள்ளை நிறத்தவர்கள் தலைப்பாகை கட்டியபோதுதான் கமராக்கள் திரும்பின.

யோகா எங்கிருந்து வந்தது?

தன்னுடைய குண்டலினி யோகா ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இரகசியமாகப் பேணப்பட்ட கலை என்றும், சந்த் ஹசாரா சிங் என்பவரிடம் சிறுவயதிலேயே அதனைக் கற்றதாகவும் பஜன் பிற்காலத்தில் சொல்லிவந்தார். 'மகான் தாந்திரிகர்' என்ற பட்டத்தையும் சூடிக்கொண்டார். ஒரு காலத்தில் உலகில் ஒருவர் மட்டுமே அந்த நிலையில் இருக்கமுடியும் என்பது இயக்கத்தின் நம்பிக்கை.

அமெரிக்க ஆய்வாளர் பிலிப் டெஸ்லிப் 2012இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தக் கதையை இயக்கத்தின் பழைய வெளியீடுகளைக் கொண்டே பரிசோதித்தது. ஆரம்ப ஆண்டுகளில் பஜன் தன் குருவாக முன்னிறுத்தியது டில்லி கோபிந்த் சதனைச் சேர்ந்த மகாராஜ் விர்சா சிங்கை. உடற்பயிற்சிப் பகுதியில் பெருமளவு, இந்திரா காந்திக்கு நெருக்கமாக இருந்த யோகா ஆசிரியர் தீரேந்திர பிரம்மச்சாரியின் வழியில் வந்தது. 1970இன் இறுதியில் பஜன் 84 சீடர்களோடு இந்தியா சென்றார். அங்கே விர்சா சிங்குடன் உறவு முறிந்தது. அதன் பின்னரே பழைய குருவின் பெயர் மறைந்து, ஹசாரா சிங்கும் மகான் தாந்திரிகர் பட்டமும் முன்னுக்கு வந்தன என்பது டெஸ்லிப்பின் வாதம். நான்காம் குருவான ராம்தாஸ் இயக்கத்தின் மையமானதும் இதே காலத்தில்தான்.

அதாவது, தொன்மையானது என்று விற்கப்பட்ட ஒன்று, ஒரு சில ஆண்டுகளுக்குள் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. அதனால் பயிற்சி பயனற்றது என்று ஆகிவிடாது. மூச்சுப் பயிற்சியால் மனம் அமைதியடைந்தது என்று சொல்பவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லதாக இருப்பது வேறு, சீக்கியமாக இருப்பது வேறு.

குருக்கள் சொன்னது என்ன?

குண்டலினி, சுழுமுனை, பத்தாம் வாசல் ஆகிய சொற்கள் சித்தர் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்நியமானவை அல்ல. குரு நானக்கிற்கும் அவை நன்கு தெரியும். அவருடைய காலத்தில் பஞ்சாபெங்கும் நாத யோகிகள் திரிந்தார்கள். அவர்களின் ஆதி குருவான கோரக்நாதரைத்தான் தமிழ் மரபு கோரக்கர் என்ற பெயரில் பதினெண் சித்தர்களுள் ஒருவராக வைத்திருக்கிறது. அந்த யோகிகளோடு நானக் நடத்திய உரையாடல் 'சித்த கோஷ்டி' என்ற பெயரில் 73 பாக்களாக குரு கிரந்த சாஹிப்பில், ராம்கலி ராகத்தின் கீழ் இடம்பெற்றிருக்கிறது.

அதில் நானக்கின் நிலைப்பாடு தெளிவானது. காதில் குண்டலம், உடலில் சாம்பல், கையில் தடி, காட்டில் தனிமை ஆகியவற்றால் யோகம் கிட்டாது என்கிறார். தண்ணீரில் நனையாத தாமரையைப் போல உலகத்துக்குள் வாழ்ந்துகொண்டே இறைவனோடு ஒன்றியிருப்பதுதான் அவர் சொல்லும் யோகம். உழைத்து உண், பகிர்ந்து கொடு, நாமத்தை நினை என்பதே அதன் நடைமுறை. யோகிகளின் சொற்களை எடுத்து, அவற்றின் உள்ளடக்கத்தை அவர் மாற்றிவிட்டார்.

3எச்ஓ ஆதரவாளர்களிடமும் வாதங்கள் உண்டு. அவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பட்டர்கள் பாடிய புகழ்ப் பாக்களில் குரு ராம்தாஸ் ராஜயோகத்தின் அரியணையைப் பெற்றவராகப் போற்றப்படுகிறார். நானக்கின் மகன் ஸ்ரீ சந்த் வழியில் வந்த உதாசிகள் துறவிகளாகவே வாழ்ந்தார்கள். நிர்மலர்கள் வேதாந்தம் கற்பித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சிங் சபா சீர்திருத்த இயக்கம்தான் எல்லைகளை இறுக்கியது, அதற்கு முன்னர் சீக்கியம் இன்னும் விரிந்ததாக இருந்தது என்பது அவர்களின் வாதம். வரலாறாக இது பெரிதும் சரி. ஆனால் உதாசிகளின் மடங்களிலிருந்தோ நிர்மலர்களின் பாடசாலைகளிலிருந்தோ பஜனின் பயிற்சிகள் வந்ததாக எவரும் காட்டவில்லை. ராஜயோகம் என்ற சொல்லையும் மரபான உரையாசிரியர்கள் இல்லற வாழ்விலேயே கைகூடும் இறை ஒன்றிப்பு என்றுதான் விளக்குகிறார்கள், மூலாதாரத்திலிருந்து எழுப்பப்படும் சக்தி என்று அல்ல.

தலைப்பாகையை எடுத்துக்கொள்வோம். இயக்கத்துப் பெண்கள் தலைப்பாகை கட்டுவதைப் பார்த்து, இது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று சிரித்த பஞ்சாபிகள் உண்டு. உண்மையில் 1945இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சீக்கிய நடத்தைக் கோவையான ரெஹத் மரியாதை, பெண் தலைப்பாகை கட்டலாம், கட்டாமலும் விடலாம் என்கிறது. ஆகவே அவர்கள் கட்டியதில் தவறில்லை. சொன்ன காரணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. தலைமுடி சக்தியை உள்வாங்கும் அன்டனா, தலைப்பாகை உச்சந்தலைச் சக்கரத்தை அழுத்திக் காக்கிறது, வெள்ளை நிறம் உடலைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் பெருக்குகிறது என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. முடி வெட்டாமல் இருப்பது கால்சாவுக்குக் கொடுத்த வாக்கு என்பதால்தான் ஒரு பஞ்சாபித் தாய் தன் மகனின் முடியைச் சீவிக் கட்டுகிறாள். 2001 செப்டம்பருக்குப் பின்னர் அமெரிக்காவில் அந்தத் தலைப்பாகைக்காகவே அடி வாங்கியவர்களும் உயிரை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அதனை அன்டனா என்று நினைத்துக் கட்டவில்லை.

எண்சோதிடம், இராசிக்கற்கள், நல்ல நேரம் பார்த்தல் ஆகியனவும் இயக்கத்துக்குள் தாராளமாகப் புழங்கின. இவற்றை ரெஹத் மரியாதை நேரடியாகவே நிராகரிக்கிறது.

ஆனாலும் என் பார்வையில் ஆசனங்களோ எண்சோதிடமோ பெரிய விலகல்கள் அல்ல. பத்தாம் குரு கோபிந்த் சிங் 1708இல் மனித குரு மரபை முடித்துவைத்தார். அதன் பின்னர் குரு என்பது நூலும் கால்சா சமூகமும் மட்டுமே. பஜன் தன்னை குரு என்று அழைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சீடர்கள் யாரை மணம் முடிப்பது, என்ன பெயர் வைப்பது, பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்பதை அவரே தீர்மானித்தார். அவருடைய புகைப்படத்தின் கண்களை உற்றுப் பார்த்துத் தியானிப்பது ஒரு பயிற்சியாகவே கற்பிக்கப்பட்டது. குரு என்ற சொல் இல்லாமலேயே குருவின் அதிகாரம் முழுவதும் அவரிடம் இருந்தது. சீக்கியத்தின் அடித்தளத்திலிருந்து இயக்கம் முறிந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பின்னர் வெளிவந்த கொடுமைகளுக்கு வழிவிட்டதும் இதே அதிகாரம்தான்.

கேட்கப்படாத குரல்கள்

1971இல் அமிர்தசரஸில் பஜனுக்கு வரவேற்பு கிடைத்தது. தொலைதூர நாட்டவர் சீக்கியத்தைத் தழுவியதில் பஞ்சாபிகள் பெருமைப்பட்டார்கள். அதன் பின்னர் 'சிறீ சிங் சாஹிப்' என்றும், மேற்கு அரைக்கோளத்தின் தலைமைச் சமய, நிர்வாக அதிகாரி என்றும் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் மேற்குலக சீக்கியர்களின் தலைவர் என்பதை சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியின் தலைவராக இருந்த குர்சரண் சிங் தோஹ்ரா மறுத்ததாக 1977 செப்டம்பரில் டைம் சஞ்சிகை எழுதியது. பஜன் பெண்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய குற்றச்சாட்டுகளும் அதே கட்டுரையில் இருந்தன. அதே ஆண்டில் சீக்கிய அறிஞர் திரிலோசன் சிங் 'சீக்கியமும் தாந்திரிக யோகமும்' என்ற நூலில் இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார்.

எதுவும் நடக்கவில்லை. 1986இல் முன்னாள் உறுப்பினர்களான பெண்கள் தொடுத்த வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டன. இயக்கத்தின் வர்த்தகம் வளர்ந்தது. யோகி தேநீர் கடைகளில் விற்றது, அகால் செக்கியூரிட்டி நிறுவனம் அமெரிக்க அரசின் நீதிமன்றங்களுக்குக் காவல் வழங்கியது. 2004இல் பஜன் இறந்தபோது, அவரை சீக்கியர்களின் தலைவர் ஒருவராக விளித்து அமெரிக்கக் காங்கிரஸ் 2005இல் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. சீக்கியர்களுக்காகப் பேசுபவர் யார் என்பதை அமிர்தசரஸ் அல்ல, வொஷிங்டன் தீர்மானித்துக்கொண்டது. ஒரு சிறிய சமூகத்தின் பிரதிநிதி யார் என்பதை அரசுகள் தமக்கு வசதியான முகத்தைப் பார்த்தே முடிவுசெய்கின்றன என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

2020 ஜனவரியில் பமெலா டைசன் தன் நினைவுக்குறிப்பு நூலை வெளியிட்டார். பிரேம்கா என்ற பெயரில் இயக்கத்தின் உயர் பொறுப்பில் இருந்து, 1980களின் நடுப்பகுதியில் விலகியவர் அவர். பஜனோடு தனக்கிருந்த மறைக்கப்பட்ட உறவையும், அவர் தன்னைக் கட்டுப்படுத்திய விதத்தையும் அதில் எழுதியிருந்தார். அதன் பின்னர் மற்றவர்களும் வரிசையாகப் பேசத் தொடங்கினார்கள். நிர்வாகம் 'ஓலிவ் பிராஞ்ச்' என்ற வெளி அமைப்பை விசாரணைக்கு நியமித்தது. சுமார் 300 பேரிடம் கேட்டறிந்த அந்த அமைப்பு, பஜன் பாலியல் துஷ்பிரயோகத்திலும் அதிகாரத் துஷ்பிரயோகத்திலும் ஈடுபட்டிருப்பதற்கே சாத்தியம் அதிகம் என்று 2020 ஓகஸ்ட்டில் அறிக்கையிட்டது. குற்றவியல் தீர்ப்புக்கான அளவுகோல் அல்ல இது. இறந்தவரை விசாரிக்கவும் முடியாது. அவருக்கு விசுவாசமானவர்கள் விசாரணை முறையே தவறு என்று இன்றும் சொல்கிறார்கள். சிறுவயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு இந்தியாவின் விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டவர்களும், இப்போது நடுவயதைத் தொட்டவர்களாக, தங்கள் கதைகளைச் சொல்கிறார்கள். நட்டஈட்டுத் திட்டமொன்றும் அறிவிக்கப்பட்டது. அறிக்கைக்கும் நீதிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் அவர் வழியாக வந்தவர்கள்? பஞ்சாபிகள் 'கோரா சீக்கியர்' என்று அழைக்கும் இந்த வெள்ளையின சீக்கியர்களில் பலர் ஐம்பது ஆண்டுகளாக அதிகாலையில் எழுந்து நித்ய பாராயணம் செய்கிறார்கள், முடி வெட்டுவதில்லை, அமிர்தம் பெற்றிருக்கிறார்கள். ரெஹத் மரியாதையின் வரைவிலக்கணப்படி ஒரே இறைவன், பத்துக் குருக்கள், குரு கிரந்த சாஹிப், பத்தாம் குருவின் அமிர்தம் ஆகியவற்றில் நம்பிக்கை கொண்டு வேறு மதத்தைச் சாராதவர் சீக்கியர். பிறந்த இனமோ மொழியோ அதில் இல்லை. இயக்கம் கற்பித்த யோகாவை சீக்கியம் இல்லை என்று சொல்லும் அதே கோவைதான், இந்த மனிதர்களை சீக்கியர் இல்லை என்று சொல்லவும் இடம் தரவில்லை.

2020க்குப் பின்னர் அவர்களில் சிலர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு முற்றாக விலகினார்கள். சிலர் யோகாவைக் கைவிட்டு, பஞ்சாபிகளின் குர்துவாராக்களுக்குப் போகத் தொடங்கினார்கள். வேறு சிலர் பஜனின் படத்தை மட்டும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதே அறையில் அதே பயிற்சிகளைத் தொடர்கிறார்கள். குண்டலினி யோகா ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன. வகுப்பு இன்னும் அதே குர்முகி மந்திரத்தோடுதான் தொடங்குகிறது.