வாசல் இல்லாத அட்டவணைகள்: 2018–19 பருவமும் தமிழகக் கால்பந்தும்

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என வென்று சென்னை சிட்டி ஐ லீக் பட்டத்தைப் பெற்றது. மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை அதே 3–1 கணக்கில் வீழ்த்தி, மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. முந்தைய ஆண்டு இந்தியன் சூப்பர் லீக்கின் வாகையராக இருந்த சென்னையின் எஃப்சி, அதே பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்துக் கடைசி இடத்தில் முடித்தது. ஒரே மாநிலத்துக்கு ஒரே பருவத்தில் ஆடவர், மகளிர் என இரண்டு தேசியப் பட்டங்களும் ஒரு கடைசி இடமும் கிடைத்தன. அப்போது வந்த செய்திகள் இதைத் தமிழகக் கால்பந்தின் மறுமலர்ச்சி என்று கொண்டாடின. அந்தக் கொண்டாட்டம் அவசரப்பட்டது என்பது என் கருத்து. ஒரு லீக்கில் முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அடுத்து என்ன நேர்கிறது என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பருவத்தை எடைபோட வேண்டும்.

எங்கள் ஊரான கமுதியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே எழும். இங்கும் முதுகுளத்தூர்ப் பக்கமும் கபடிக்குத்தான் கூட்டம் சேரும். கால்பந்து பார்க்கக் கீழக்கரை, பெரியபட்டினம் என்று கடற்கரைப் பக்கம் போகவேண்டும். மேற்சொன்ன மூன்று அட்டவணைகளிலும் எங்கள் மாவட்டத்து அணி எதுவும் இல்லை. வெளியே நிற்பவருக்கு யார் முதலிடம் என்பதைவிட, உள்ளே போக வாசல் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

சென்னை சிட்டியின் கதையில் இந்த வாசல் விவகாரம் பளிச்சென்று தெரிகிறது. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கிய சங்கம் அது. 2016–17இல் கீழ்ப்பிரிவில் வென்று மேலே வரவில்லை. நேரடி அனுமதி பெற்று ஐ லீக்குக்குள் நுழைந்தது. பெயரில் சென்னை இருந்தாலும் பட்டம் வென்ற பருவத்தில் அதன் சொந்த மைதானம் கோயம்புத்தூரில் இருந்தது. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அந்த அணியை ஆடவைத்த விதம் உண்மையிலேயே அழகு. பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், குறுகிய பாஸ்களால் முன்னேறும் ஆட்டம். பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். நெஸ்டர் கோர்டிலோவும் சாண்ட்ரோ ரோட்ரிகஸும் நடுவில் ஆட்டத்தை இழுத்துப்போக, எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழக வீரர்கள் அவர்களுக்கு ஈடுகொடுத்தார்கள். கடைசி நாளில் மினர்வா முதலில் கோல் போட்டது. அதே வேளையில் கோழிக்கோட்டில் ஆடிய கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் வென்றது. கோவையில் மான்சியின் பெனால்டியும், தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா அடித்த இரண்டு கோல்களும் இல்லாவிட்டால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

இவ்வளவு பாடுபட்டு முதலிடம் வந்த அணிக்கு மேலே போக வழி இல்லை. ஐ லீக் அப்போது நாட்டின் உயர்பிரிவாகவே ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் பணமும் தொலைக்காட்சி நேரமும் சூப்பர் லீக்கில் இருந்தன. பட்டம் வென்ற சில மாதங்களில், 2019 அக்டோபரில், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி சூப்பர் லீக்கே முதல் லீக் ஆனது. ஐ லீக் வாகையருக்கு மேலேற்றம் 2022–23 பருவத்திலிருந்துதான் என்று அத்திட்டம் வகுத்தது. அந்த வழியில் முதலில் ஏறியது பஞ்சாபின் ரவுண்ட்கிளாஸ் அணி. சென்னை சிட்டி அதுவரை தாக்குப்பிடிக்கவில்லை. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் சங்கம் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியும்கூட, 2020–21க்குப் பிறகு ஐ லீக்கில் அந்தப் பெயர் இல்லை. அதன் வீழ்ச்சிக்கு அமைப்பை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. திறமையால் திறந்த வாசல் வழியாக வராமல் அனுமதியால் உள்ளே வந்த சங்கம் அது; ஊரில் அதன் வேர் ஆழமாக இறங்கியிருக்கவில்லை. ஆனாலும் வாகையருக்கு அடுத்த படி ஒன்று காத்திருந்திருந்தால், முதலீடு செய்தவர்களின் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

கடைசி இடம் வந்த சென்னையின் எஃப்சிக்கு எந்தச் சேதமும் இல்லை. சூப்பர் லீக்கில் அப்போது தரமிறக்கம் இருக்கவில்லை. அடுத்த பருவத்தில் அந்த அணி இறுதிப்போட்டி வரை போய், ஏடிகேயிடம் 3–1 என்று தோற்றது. மூடிய லீக்கை ஆதரிப்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்: ஒரு மோசமான ஆண்டுக்காகப் பல கோடி முதலீட்டைத் தண்டிக்கக்கூடாது, பொறுமை காத்தால் அணி எழும் என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது.

இதற்கு எதிர்ச்சான்று நார்வேயில் கிடைக்கிறது. அங்கே உயர்பிரிவான எலிட்டசேரியனில் 16 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 30 ஆட்டங்கள். பனிக்காலத்தைத் தவிர்த்து வசந்தத்தில் தொடங்கி ஆண்டிறுதிக்குள் முடிப்பார்கள். கடைசி இரண்டு அணிகள் நேராகக் கீழிறங்கும். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள பூடே என்ற ஊரின் கிளிம்ட் சங்கம் 2016இல் அப்படி இறங்கியது. மறு ஆண்டே இரண்டாம் பிரிவை வென்று திரும்பியது. 2020இல் 26 வெற்றி, ஒரே தோல்வி, 103 கோல்கள், 81 புள்ளிகளோடு முதன்முறையாக நாட்டின் வாகையரானது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர் அது. தரமிறக்கம் அந்தச் சங்கத்தை அழிக்கவில்லை. அங்கே சங்கங்கள் உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை என்பதால், அணி இறங்கினாலும் ஊரைவிட்டு ஓடமுடியாது. நார்வேயும் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். வடக்கு மாகாணச் சங்கங்களை 1963 வரை நாட்டுக் கோப்பையிலேயே சேர்க்கவில்லை. உயர்பிரிவுக்கு ஏறும் வழி 1972இல்தான் அவர்களுக்குத் திறந்தது. தூரம், செலவு, தரக்குறைவு என்று அன்று சொன்ன காரணங்கள் நமக்கும் பழக்கமானவைதாம். திறந்த மூன்றே ஆண்டில், 1975இல், பூடே கோப்பையை வென்றது.

மூடிய லீக், திறந்த லீக் என்ற இந்த இரு வகையிலும் சேது எஃப்சி அடங்காது. சீனி முகைதீன் தலைமையில் 2016இல் தொடங்கிய சங்கம். கமுதியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மதுரை போகிறவர்களுக்குக் காரியாபட்டி தாண்டியதும் அதே பெயர் தாங்கிய சேது கல்லூரியின் பெயர்ப்பலகை பழக்கம். சேது என்பது எங்கள் சீமைப் பெயர் என்பதால் ஒரு தனிப் பாசமும் உண்டு. 2019இல் அவர்கள் வென்ற ‘லீக்’ உண்மையில் மே 5 முதல் 22 வரை ஒரே ஊரில், பஞ்சாப் கோடையில் நடந்த போட்டித் தொடர். சொந்த மைதானம் இல்லை, வெளியூர்ப் பயணம் இல்லை, டிக்கெட் வாங்கிப் பார்க்க மதுரைக்காரருக்கு ஓர் ஆட்டமும் இல்லை. ஆண்டில் மூன்று வாரம்கூட நீடிக்காத பருவம் ஒரு ஆட்டக்காரியின் பிழைப்புக்குப் போதாது. அந்த அணியில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசனைப் போன்றவர்களுக்குக் காவல்துறை வேலைதான் கைகொடுத்தது. அப்படியிருந்தும் சேது தொடர்ந்து ஆடியது. 2021–22இல் கோகுலம் கேரளாவுக்கு அடுத்து இரண்டாமிடம் வந்தது. 2023–24இல்தான் மகளிர் லீக் சொந்த ஊர், வெளியூர் ஆட்டங்களோடு நடந்தது. ஏறவும் இறங்கவும் வழிசெய்யும் இரண்டாம் பிரிவும் அதோடு வந்தது.

மூடிய லீக்கின் பாதுகாப்பு பற்றிய வாதத்துக்குப் பதில் 2025இல் கிடைத்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010இல் செய்துகொண்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் முடியும் தருவாயில், புதுப்பிப்பு இழுபறியானதால், சூப்பர் லீக் அமைப்பாளர்கள் அந்த ஜூலையில் அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் அணியின் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. எந்த அட்டவணையாலும் கீழே தள்ளமுடியாத சங்கத்தை ஓர் ஒப்பந்தத்தின் காலக்கெடு நிறுத்திவைத்தது.